இரணியல் பக்கம் ஒரு ஹால்: சுவரை இடிக்கக் கூப்பிட்ட வீட்டில் சோஃபாவைத் திருப்பிப் போட்ட கதை

“செவரை இடிக்க ஆளு பாத்தாச்சு. எங்க இடிக்கணும்னு வந்து ஒரு கோடு மட்டும் போட்டுத் தாங்க தம்பி.” போன் இப்படித்தான் வந்தது. பேசியவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். குமரி மாவட்டத்தில் இரணியலுக்குப் பக்கத்தில் வீடு கட்டி நாலு வருஷம் ஆகிறது. மகன் வளைகுடாவில். வீட்டில் அவர், மனைவி, மருமகள், பள்ளிக்குப் போகும் பேரன், தொண்ணூறை நெருங்கும் அவருடைய அம்மா. ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் வீடு பெரிதாகிவிடும் என்பது அவர் கணக்கு. “உள்ள வந்தாலே அடைச்சுப் போட்ட மாதிரி இருக்கு, கேட்டியா” என்றார்.

தக்கலை, திங்கள்நகர், மார்த்தாண்டம் பகுதிகளில் வீட்டுப் பிளான் போடுவதும் உள்வேலை எடுத்துச் செய்வதும் என் தொழில். வருஷத்துக்கு நாலைந்து பேராவது இந்தச் சுவர் இடிக்கும் யோசனையோடு வருவார்கள். சிலருக்கு இடித்தே கொடுத்திருக்கிறேன். இந்த வீட்டில் இடிக்கவில்லை. ஏன் இடிக்கவில்லை, பதிலுக்கு என்ன செய்தோம், அதில் எது சரியாக வந்தது, எதில் நான் சறுக்கினேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவு. ஹால் 11 அடி அகலம், 16 அடி நீளம். ஆக 176 சதுர அடி. கூரை 10 அடி. குடியிருக்கும் அறைக்கு இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்சம் 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர். இந்த ஹால் 16 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

பிளானை வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். தெற்குப் பார்த்த வீடு. முன்கதவு தெற்குச் சுவரின் மேற்கு ஓரத்தில். அதே சுவரில் கிழக்கே தள்ளி நாலடி ஜன்னல். கிழக்குச் சுவரில் ஐந்தடி ஜன்னல். மேற்கில் படுக்கையறைக் கதவு. வடக்குச் சுவரின் கிழக்கு ஓரத்தில் டைனிங்குக்குப் போக நாலடித் திறப்பு. அதாவது முன்கதவிலிருந்து சாப்பிடும் இடத்துக்குப் போகிறவர் ஹாலை மூலைக்கு மூலை குறுக்கே கடந்தாக வேண்டும். இந்தக் குறுக்கு வழிதான் இந்த வீட்டின் நோயும் மருந்தும்.

கதவைத் திறந்து நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சோஃபாவின் முதுகு. மருமகளுக்குச் சீராக வந்த தேக்கு சோஃபா, மூன்று பேர் உட்காரும் அளவு, கடைசல் வேலைப்பாடு. ஆறரை அடி நீளத்துக்கு ஹாலின் நடுவே, வாசலுக்கு முதுகு காட்டி, வடக்குச் சுவரில் இருந்த டிவியைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அதன் ஜோடியாக இரண்டு சிங்கிள். நடுவில் கண்ணாடி டீப்பாய். வடக்குச் சுவர் நெடுக ஏழடி உயரத்துக்கு ஷோகேஸோடு சேர்ந்த டிவி அலமாரி. அதில் பேரனின் கப்பும் சார் வாங்கிய நினைவுப் பரிசுகளும். கிழக்குச் சுவரை ஒட்டித் திவான். அதற்கு அடுத்து பாட்டியின் பத்தாயம், அதாவது நெல் போட்டு வைக்கும் பழைய மரப்பெட்டி: அயனி மரம், நாலரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரம். தெற்கு ஜன்னலை மறைத்து ஸ்டீல் பீரோ. “ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம் உள்ள பாப்பான், அதான் அங்க போட்டோம்” என்றார் வீட்டம்மா. இன்னும் ஒரு தையல் மெஷின், பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு.

டேப்பை எடுத்து ஒவ்வொன்றின் அடியையும் அளந்து கூட்டினேன். நாற்காலி அடுக்கை விட்டுவிட்டு 87 சதுர அடி. 176-இல் 87. கிட்டத்தட்ட பாதித் தரை மரத்துக்கும் இரும்புக்கும் போயிருந்தது. மீதிப் பாதியும் ஒரே துண்டாக இல்லை. சந்து சந்தாகக் கிடந்தது. சோஃபாவுக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே இரண்டடி. டீப்பாய்க்கும் அலமாரிக்கும் இடையே இரண்டேகால். சாதாரணமாக ஒருவர் தோளை ஒடுக்காமல் நடக்க இரண்டரை அடி வேண்டும், மூன்றடி இருந்தால் நல்லது. இங்கே டைனிங்குக்குச் சாப்பாட்டுத் தட்டோடு போகிறவர் மூன்று இடத்தில் உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தது. பாட்டிக்குப் பிடித்து நடக்க ஏதாவது வேண்டும் என்பதால் அவருக்கு மட்டும் இது வசதி. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சரி, சுவருக்கு வருவோம். ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவே இருப்பது 9 இன்ச் செங்கல் சுவர், மேலே ரூஃப் கான்கிரீட் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் கீழே முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, அந்த பீமைத் தாங்க இரண்டு பக்கமும் தூண் அல்லது திண்டு எழுப்ப வேண்டும். கொத்தனார் சொன்ன தொகையில் பீம் பேச்சே இல்லை. “சும்மா ஒரு லிண்டல் போட்டாப் போதும்” என்றாராம். போதாது, லிண்டல் என்பது கதவு ஜன்னலுக்கு மேல் போடும் சின்னச் சட்டம்தான். அதோடு சுவர் நின்ற இடத்தில் தரை வெறுமையாகத் தெரியும், அங்கே ஒட்ட அதே டைல் வேண்டும். நாலு வருஷம் கழித்து அதே பேட்ச் டைல் கடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. நிறம் ஒரு இழை மாறினாலும் ஹால் நடுவே தைத்த ஒட்டு மாதிரி நிற்கும். இரண்டையும் சாரிடம் சொன்னேன். அவர் பீமைப் பற்றிய பேச்சைக் காதில் வாங்கவில்லை, டைல் விஷயத்தில்தான் சோர்ந்து போனார்.

ஆனால் எனக்கு இருந்த உண்மையான மறுப்பு வேறு. சுவரை எடுத்தாலும் அந்த ஹால் பெரிதாகத் தெரியாது. இதை நோட்டில் வரைந்து காட்டினேன், சார் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அல்லவா.

வாசலில் நிற்கிறவருடைய கண் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து ஆறடி தள்ளி சோஃபா முதுகு, உயரம் மூன்றடி. கண்ணிலிருந்து அந்த முதுகின் மேல்விளிம்பைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால் அது தரையில் எங்கே போய் விழும்? வடிவொத்த முக்கோணம். ஆறை ஐந்தால் பெருக்கி, ஐந்தில் மூன்று போக மீதி இரண்டால் வகுத்தால் 15. அதாவது ஆறாவது அடியிலிருந்து பதினைந்தாவது அடி வரை உள்ள தரை முழுவதும் அந்த ஒரு முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஹாலே 16 அடிதான். மிச்சம் தெரியவேண்டிய ஒரு அடியையும் அலமாரி ஒன்றரை அடி ஆழத்தால் விழுங்கிவிட்டது. வாசலில் நிற்கிறவருக்கு ஹால் என்பது ஆறடித் தரை, அப்புறம் ஒரு மர வேலி, அதற்குப் பின்னால் ஒரு அலமாரி. சுவரை இடித்திருந்தால் அலமாரி போயிருக்கும், வேலி அங்கேயேதான் இருந்திருக்கும்.

சார் நோட்டை வாங்கி அவரே ஒருமுறை போட்டுப் பார்த்தார். “முதுகு ரெண்டே கால் அடின்னா?” என்று கேட்டு, பதினொன்று வரைக்கும்தான் மறையும் என்று தானே சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து என் பாடு சுலபமாயிற்று.

ஒரு அறையில் நாம் நிற்கும் புள்ளியிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற பரப்பு முழுவதற்கும் ‘ஐசோவிஸ்ட்’ என்று பெயர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்த மைக்கேல் பெனடிக்ட் 1979-இல் எழுதிய கட்டுரையால் கட்டடக்கலைக்காரர்களிடையே பரவிய சொல். பெயர் தெரியாமலே நம்மூர் ஆட்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்; பழைய வீடுகளில் முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி நிலைகளை ஒரே கோட்டில் வைத்தது வேறென்ன?

வேலை தொடங்குமுன் ஒரு சின்ன சோதனை செய்தேன். வாசற்படியில் நிற்கவைத்து நாலு பேரிடம் ஹால் எத்தனை அடி நீளம் இருக்கும் என்று கேட்டேன். மருமகள் 12 என்றாள். வீட்டம்மா 13. பக்கத்து வீட்டுக்காரர் 13. பெயின்ட் அடிக்க வந்திருந்தவர் 14. சதுர அடிக் கணக்கிலேயே சோறு தின்கிறவர், அதனால் அவர் கண் கொஞ்சம் தேறியிருந்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், நாலு பேர் வாக்குத்தான். ஆனாலும் நாலு வருஷம் அந்த வீட்டிலேயே இருக்கிறவர்கள் மூன்று நாலு அடியைத் தொலைத்திருக்கிறார்கள் என்பது எனக்கே ஆச்சரியம்தான். அதே இடத்திலிருந்து போனில் ஒரு படமும் எடுத்து வைத்தேன், சாதாரண லென்ஸில். அகல லென்ஸில் எடுத்தால் கோழிக்கூடும் கல்யாண மண்டபமாகத் தெரியும். வீடு விற்கிற விளம்பரப் படங்களைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். பத்தாயத்தைத் தவிர. அதை நாலு பேர் பிடித்தும் அசைக்க முடியவில்லை. “உள்ள பித்தளைப் பாத்திரம் கெடக்கு” என்றார்கள். பூட்டியிருந்தது, சாவி எங்கே என்று யாருக்கும் நினைவில்லை. சிங்கிள் சோஃபா ஒன்று அதற்கு முன்னால் கிடந்ததால் அதைத் திறந்தே மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

காலியான ஹாலில் நின்று சார் சுற்றிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “என்ன தம்பி, எல்லாத்தையும் எடுத்தும் சின்னதாத்தானே இருக்கு?”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீடு கட்டியவர்கள் எல்லோரும் கடைக்கால் கட்டி முடிந்த நாளை நினைத்துப் பாருங்கள். நாலு வரி கல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு “இதுலயா கட்டில் போடப் போறோம்?” என்று கேட்காதவர் கிடையாது. கொத்தனாரும் “செவரு வரட்டும், பெருசாயிரும்” என்று சொல்லாமல் இருந்ததில்லை. கண் தூரத்தை வெறுமனே அளப்பதில்லை, இடையில் என்னென்ன இருக்கிறது என்பதை வைத்து எண்ணிக்கொண்டு போகிறது. நடுவில் சில கோடுகள் போட்ட இடைவெளி, ஒன்றுமே போடாத அதே அளவு இடைவெளியைவிட நீளமாகத் தெரியும். ஜெர்மனியில் ஓப்பல் என்பவர் 1850-களிலும் அவருக்குப் பின் குண்ட் 1863-இலும் கண்டு எழுதியதால் இருவர் பேரையும் சேர்த்தே இந்த மாயத்தோற்றத்தைச் சொல்கிறார்கள். காலி அறை சிறிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உட்காரவோ படுக்கவோ ஒன்றும் இல்லாதபோது நம் உடம்பை வைத்து அளக்கவும் வழியில்லை. ஒரு நாற்காலி கிடந்தால் ‘அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆள் நிற்கலாம்’ என்று கண் கணக்குப் போட்டுவிடும்.

ஆகவே பொருளைக் குறைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, இருக்கிற பொருளை எங்கே நிறுத்துகிறோம் என்பது.

இங்கேதான் நான் சறுக்கினேன். நடுவைத் திறந்துவிட வேண்டும் என்ற வேகத்தில் முதல் நாள் எல்லாவற்றையும் நாலு சுவரோடும் ஒட்டிப் போட்டேன். சோஃபா மேற்கே, சிங்கிள் இரண்டும் எதிரே கிழக்கே, திவான் தெற்கு ஜன்னல் அடியில். நடுவில் தரை பளிச்சென்று விரிந்து கிடந்தது. படத்தில் அருமையாக வந்தது. சாயங்காலம் உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எதிரும் புதிருமாக, நடுவே வெட்டவெளி, யாருக்கும் பேச்சு வரவில்லை. “டாக்டரு எப்ப வருவாரு?” என்று கேட்டார் பாட்டி. கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் இடம் போலவே ஆகிவிட்டது. தரை தெரிந்தது, ஆனால் ஹால் பெரிதாகவில்லை. ஓரமெல்லாம் பொருள் நின்றதால் சுவரும் தரையும் சேரும் கோடு எங்குமே கண்ணுக்குப் படவில்லை. அறையின் எல்லையைக் கண் தேடுவது அந்தக் கோட்டில்தான். அது மறைந்தால் சோஃபாவின் முன்விளிம்பே சுவராகிவிடும். இரண்டு பக்கமும் இரண்டேமுக்கால் அடி போனால் 11 அடி அறை ஐந்தரை அடி அறை.

இரண்டாம் முறை நிதானமாக வாசலிலிருந்து தொடங்கினேன். முன்கதவில் நின்று டைனிங் திறப்பின் வழியே பார்த்தால் கண் எவ்வளவு தூரம் போகும்? பிளானில் ஸ்கேல் வைத்தேன்: டைனிங்கின் கடைசிச் சுவர் வரை ஏறக்குறைய 28 அடி! அந்தச் சுவரில் ஒரு ஜன்னல், வெளியே பின்பக்கத்து வாழை. இந்த வீட்டில் கண்ணுக்குக் கிடைக்கிற மிக நீளமான கோடு அதுதான். நாலு வருஷமாக அதைத் திறப்பில் தொங்கிய மணித்திரையும், ஜன்னலுக்கு முன் நின்ற ஃபிரிட்ஜும் மறைத்திருந்தன.

ஃபிரிட்ஜை மூன்றடி நகர்த்த ஒரு பிளக் பாயின்ட் மாற்றினால் போதுமாயிருந்தது. மணித்திரையில்தான் தகராறு. வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “வாறவங்க முன்னால சாப்பிட முடியுமா? தட்டு மேல எல்லாருக்க கண்ணும் இருக்கும்.” அது அவர் வீடு, அவர் சொல்வதில் நியாயமும் உண்டு. கடைசியில் மணித்திரைக்குப் பதில் ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டும் மெல்லிய துணித்திரை. சாப்பாட்டு வேளையில் மூடுவது, மற்ற நேரம் திறந்து வைப்பது. நான் போகும்போதெல்லாம் திறந்தே இருக்கிறது. நான் வருகிறேன் என்று திறந்து வைக்கிறார்களோ என்னவோ.

சோஃபா கிழக்கு ஜன்னலின் அடியில் போனது. ஜன்னல் திண்டு மூன்றடி, சோஃபா முதுகும் மூன்றடி. ஒரு இன்ச் வெளிச்சம்கூட மறையவில்லை. சிங்கிள் ஒன்று மட்டும் தென்கிழக்கு மூலையில், கொஞ்சம் சாய்த்து, சோஃபாவில் இருப்பவரோடு பேச வாகாக. மற்றொன்று படுக்கையறைக்கு. திவான் வீட்டு முன்பக்கத்துச் சிட்அவுட்டுக்கு, சார் மத்தியானம் அங்கேதான் கிடக்கிறார். பீரோவுக்காகப் படுக்கையறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டோம், தெற்கு ஜன்னல் நாலு வருஷத்தில் முதல்முறையாகத் திறந்தது. ரோட்டுப் பார்வைக்குப் பயந்தால் கீழ்ப்பாதிக் கண்ணாடிக்கு மட்டும் பால்நிற ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், ஒட்டினோம். ஏழடி அலமாரியை ஆசாரி இரண்டாக அறுத்தார். கீழ்ப்பெட்டி டைனிங்கில் பாத்திரம் வைக்கப் போனது, மேல்பாதியை எடுத்துக்கொண்டு கூலியில் கழித்தார். டிவி மேற்குச் சுவரில் ஏறியது. டீப்பாயைக் கொடுத்துவிட்டு இரண்டு சின்ன முக்காலி. ஆள் வந்தால் எடுத்துப் போடலாம், இல்லாவிட்டால் சோஃபா பக்கத்தில் ஒதுங்கிவிடும்.

இதில் ஒரு குறை உண்டு. முன்கதவிலிருந்து டைனிங்குக்குப் போகும் வழி இப்போது சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவே. கிரிக்கெட் ஓடும்போது யாராவது குறுக்கே நடந்தால் பேரன் கத்துகிறான். வழி அகலமாக இருப்பதால் நடக்கிறவர்களும் முன்னைவிட நிதானமாகவே நடக்கிறார்கள்.

பத்தாயத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று மருமகளுக்கு ஆசை. நான் பாட்டி பக்கம். மூன்றடி உயரம்தான், கால் உண்டு, அடியில் தரை தெரியும். அடியில் சாக்கை மடித்து வைத்து இழுத்து, அலமாரி நின்ற இடத்தில் வடக்குச் சுவரில் நிறுத்தினோம். அதற்கு மேல் ஏழடிச் சுவர் வெறுமையாக விட்டோம், தாத்தாவின் போட்டோ ஒன்று மட்டும். முன்பு ஏழடி உயரத்துக்குக் கதவும் கண்ணாடியுமாக நெஞ்சில் வந்து இடித்த சுவர் அப்படியே பின்வாங்கிப் போய்விட்டது. சுவருக்கும் பத்தாயத்துக்கும் நடுவே மூன்று இன்ச் விடச் சொன்னேன். தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் இரண்டையும் வாங்குகிற மாவட்டம் இது. சுவரோடு ஒட்டிப் போட்ட மரத்தின் முதுகில் ஆடி மாதம் பூஞ்சணம் படராமல் இருக்காது. இடம் மிச்சம் என்று ஒட்டிப் போடுவார்கள், இரண்டு வருஷத்தில் பலகையை மாற்றுவார்கள்.

சோஃபாவிலும் ஒரு சின்ன விஷயம். கடைசல் கால் நாலும் அழகாக இருந்தது, ஆனால் தூசி போகக்கூடாது என்று சுற்றிலும் கொசுவம் வைத்த துணி தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கழற்றியதும் சோஃபாவுக்கு அடியில் ஆறு இன்ச் உயரத்துக்குத் தரை உள்ளே ஓடுவது தெரிந்தது. பைசா செலவில்லாத வேலை. மரச்சாமான் கடையில் நிற்கும்போது கால் வைத்ததா, பெட்டி போலத் தரையில் உட்காருவதா என்று ஒரு நிமிஷம் குனிந்து பார்த்து வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு, உள்ளே சாமான் வைக்க இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கண்ணாடி விஷயத்தில் இன்னொரு சறுக்கல். அறை பெரிதாகத் தெரியக் கண்ணாடி மாட்டு என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் வடக்குச் சுவரில் வாசலுக்கு நேரே ஒன்று மாட்டினேன். முன்னால் எத்தனை அடியில் பொருள் இருக்கிறதோ அத்தனை அடி பின்னால் காட்டுவதுதான் கண்ணாடியின் வேலை. இங்கே அது காட்டியது முன்கதவையும், சிட்அவுட் கம்பியையும், ரோட்டில் போகும் மினி பஸ்ஸையும். உள்ளே வருகிறவர் தன்னைத்தானே பார்த்து ஒரு நொடி திகைத்தார். பாட்டி ஒரே வார்த்தையில் முடித்தார்: “வாசலுக்கு நேரே கண்ணாடியா மக்ளே, எடு.” எடுத்து மேற்குச் சுவரில், டிவிக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவே, ஒன்றரை அடி அகலத்தில் நெடுக்காக மாட்டினேன். எதிரே கிழக்கு ஜன்னல். காலையில் அங்கே இன்னொரு ஜன்னல் திறந்தது மாதிரி இருக்கிறது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு சுவர் அடர் ஊதா, ஃபால்ஸ் சீலிங்கில் காபி நிறத்தில் பட்டை. இரண்டையும் வெள்ளைக்குப் பக்கத்திலான நிறத்தில் அடித்தோம். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை நேராகவே சோதித்திருக்கிறது: கூரை வெளிறினால் அறை உயரமாகத் தெரிகிறது, சுவர் வெளிறினாலும் அப்படியே, இரண்டும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். தரையின் நிறத்துக்கு அதில் பங்கில்லை. தரை கறுப்பாயிருந்தால் வீடு இருண்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு அந்தக் கடைசி வரியைச் சொல்வேன். நம்பாதவர்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வரட்டும். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிற அரண்மனை, இங்கிருந்து பக்கம்தான். நிலையில் குனிந்துதான் போக வேண்டும், பல அறைகளில் கூரை தாழ்வு, தரை கன்னங்கரேல் என்று. ஆனால் அந்தத் தரை எண்ணெய் தடவியது மாதிரி பளபளக்கும், மரச்சட்ட ஜன்னல் வழியே வருகிற வெளிச்சம் அதில் விழுந்து உள்ளே ஓடும். சாமான்களும் குறைவு. சார் வருஷாவருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன இடம். நான் சொன்னதும், “ஆமா, அங்க எனக்கு ஒருநாளும் அடைப்பாத் தோணினதில்ல” என்றார்.

மருமகள் யூடியூப்பில் பார்த்துவிட்டு, கூரையை உயர்த்திக் காட்ட நெடுக்குக் கோடு போட்ட வால்பேப்பர் ஒட்டலாமா என்று கேட்டாள். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-இலேயே ஒரு சதுரத்தை வைத்து இதற்கு எதிர்மாறாகக் காட்டியிருக்கிறார்: குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம்தான் உயரமாகத் தெரியும். இதைச் சொன்னதும் வால்பேப்பர் ஆசையே போய்விட்டது அவளுக்கு. எனக்கு நிம்மதி, கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் ஒட்டிய காகிதம் எத்தனை நாள் நிற்கும்?

திரைச்சீலைக் கம்பியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரை அடி நீட்டி, கொஞ்சம் மேலே ஏற்றினோம். திறந்தால் துணி சுவரில் போய் ஒதுங்கும், கண்ணாடி முழுவதும் வெளிச்சத்துக்கு.

எல்லாம் முடிந்து ஹாலில் கிடக்கும் பொருள்களின் அடியை மறுபடியும் அளந்தேன். 40 சதுர அடிக்குள் அடங்கியது. செலவு என்று பார்த்தால் பெயின்ட், ஆசாரி கூலி, பிளக் பாயின்ட், ஸ்டிக்கர், சுமைக்கூலி. பீமைச் சேர்க்காமல் கொத்தனார் சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. முதலில் கேட்ட நாலு பேரிடம் திரும்பக் கேட்பதில் அர்த்தமில்லை, விடை தெரிந்துபோயிற்று. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மூன்று பேரிடம் கேட்டேன்: எலக்ட்ரீஷியன் 15 என்றார், வீட்டம்மாவின் அண்ணன் 17, அவர் மனைவி 16. சரியாகச் சொன்ன மயினிக்கு ஒரு குலை மட்டிப்பழம் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். படுக்கையறைக்குப் போன சிங்கிள் சோஃபா மெல்ல ஹாலுக்குத் திரும்பியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கும் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. பரவாயில்லை, வழியில் இல்லை. பாட்டி தரையில் காலை நீட்டி பத்தாயத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சாவி கிடைத்துவிட்டது, பூஜை அறையில் திருநீற்றுச் சம்புடத்துக்கு அடியில். மூடி திறந்து சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்: ஒரு உருளி, இரண்டு கிண்டி, பழைய துணியில் சுற்றிய குத்துவிளக்கு. அடியில் அட்டைப்பெட்டி. நாலு பேர் பிடித்தும் அசையாததன் காரணம் அதுதான். மருமகள் பிரித்தாள். வீடு கட்டிய வருஷத்தில் மிச்சமான தரை டைல், இரண்டுக்கு இரண்டு, ஐந்து துண்டு. அதே பேட்ச்.

சார் குனிந்து ஒன்றை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். ஒட்டு தெரியாமல் சேர்ந்தது. நிமிர்ந்து வடக்குச் சுவரைப் பார்த்தார், அப்புறம் என்னை.

“தம்பி, டைலு கிடைச்சாச்சு.”

“மாமா,” என்றாள் மருமகள், “மொதல்ல அந்த பீமுக்கு ஒரு வெலை கேளுங்க.”